மான் வேட்டைக்குப் புழுக்கொடியல் கொண்டுபோன கதை

சைவச் சாப்பாட்டுக்காரனுக்கு மான் வேட்டையில் என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. வேலை இருக்கிறது. துவக்குப் பிடிக்கிறவனுக்கும் பசிக்கும். மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்து போய், கூடாரத்தில் தங்கி வேட்டையாடுகிறவர்களுக்கு மான் எங்கே நிற்கும் என்று சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எதைச் சாப்பிடுவது, எதைக் கொண்டுபோவது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்று தமிழில் ஒருவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். நாங்கள் போனது சென்ற நவம்பர் முதற்கிழமை. இடம், மொன்றியலில் இருந்து வடக்கே, மோன்-லோரியே என்ற சிறு நகரத்துக்கும் அப்பால்.

போனதற்குக் காரணம் என் நண்பன் யூட். மன்னாரில் பிறந்தவன். மொன்றியலின் சென்ட் லோரன்டில் நான் இருக்கும் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறான். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. வேட்டைப் பயிற்சி எடுத்து, அனுமதிப்பத்திரம் வாங்கி, துவக்கும் வாங்கி, மூன்று இலையுதிர்காலம் தனியாகப் போய் மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பி வந்தவன். அவனைத் தோற்கடித்தது மான் இல்லை, சாப்பாடு. முதல் வருடம் டின்மீனும் பாணும் அரிசியுமாகக் கட்டிக்கொண்டு போய், பாரம் தாங்காமல் கார் நிறுத்திய இடத்தில் இருந்து கூப்பிடு தூரத்திலேயே குந்திவிட்டான். அந்த இடத்தில் மான் இல்லை, மற்ற வேட்டைக்காரர்கள்தான் இருந்தார்கள். இரண்டாம் வருடம் மாட்டிறைச்சியைப் பொரித்துக்கொண்டு போனான். பொரித்த அதே சட்டையோடு காட்டுக்குள் இருந்ததால், மானுக்கு அவன் வந்த செய்தி அவனுக்கு முன்னமே போய்ச் சேர்ந்தது. மூன்றாம் வருடம் பாரமும் வேண்டாம் மணமும் வேண்டாம் என்று கொஞ்சப் பாணும் நாலைந்து சொக்கிலேற் கட்டிகளும் மட்டும் கொண்டுபோய், இரண்டாம் நாளே எல்லாம் தீர்ந்து, தலைச்சுற்றோடு மூன்று மணித்தியாலம் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அன்றைக்குப் படியில் அவனைப் பிடித்து ஏற்றியவன் நான்தான். முகம் பழஞ்சீலை மாதிரி இருந்தது. அவனுடைய மனைவி ஜெனிற்றா கதவைத் திறந்து பார்த்தார். அவர் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், இருபது பிள்ளைகளை மேய்க்கிறவர், சத்தம் போட்டுக் கதைக்கிற பழக்கமே இல்லை.

"இன்னொருக்கா இந்தக் கோலத்தில வந்து நிண்டீங்களெண்டா, துவக்கு இந்த வீட்டில இருக்காது. நானே கொண்டுபோய் வித்துப்போடுவன்," என்றார்.

யூட் இதை, மான் இல்லாவிட்டால் துவக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டான். ஒரு வருடம் முழுக்க அதையே சொல்லிச் சொல்லிப் புலம்பினான். அவனுக்கு அந்தத் துவக்கு சுடுகிற சாமான் மட்டும் இல்லை. களஞ்சியத்தில் ஐந்து நாளும் யன்னல் இல்லாத இடத்தில் நிற்கிறவன், வருடத்தில் மூன்று நாள் வானத்தைப் பார்க்க அதுதான் சாட்டு. ஒக்டோபரில் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "மச்சான், நீ சாப்பாட்டைப் பார், நான் மானைப் பாக்கிறன்," என்று சொன்னான். நான் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிறவன். தட்டில் ஒரு கரண்டி கூடினாலும் எங்களுக்குப் பேச்சு விழும். இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்கே தோன்றியது.

சமையலறைத் தராசை மேசையில் வைத்து இரண்டு பின்னேரம் சண்டை பிடித்தோம். நான் வைத்த சட்டம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு கிராம். குளிரில் நடக்கிற உடம்புக்கு அதற்குக் குறையக் கூடாது, முதுகுக்கு அதற்குக் கூடக் கூடாது. யூட் கொண்டுவந்து பரப்பியதில் கருவாடு இருந்தது, நாலு டின்மீன் இருந்தது, ஒரு பெரிய போத்தில் நிறைய வறுத்த மிளகாய்த்தூள் இருந்தது.

"கருவாடு எதுக்கடா?"

"கருவாடு இல்லாமல் சோறு எப்பிடி இறங்கும்?"

"உனக்கு இறங்கும். மான் இறங்கி வராது."

கருவாடு போனது. டின்மீனை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் காட்டினேன். டின்னின் பாரத்தையும், வெறும் டின்னைத் திரும்பச் சுமக்க வேண்டிய பாரத்தையும் சேர்த்துச் சொன்னதும் அதுவும் போனது. தூளில் மட்டும் அவன் அசையவில்லை. மான் விழுந்தால் ஈரலை அங்கேயே பிரட்டித் தின்ன வேண்டுமாம். கடைசியில் ஒரு சின்ன ஜாம் போத்திலில் கொஞ்சம் போட்டு, மூன்று பைக்குள் கட்டி, மான் விழும்வரை திறப்பதில்லை என்று உடன்பட்டோம்.

நான் தெரிவு செய்தவை இவை. இராச்சாப்பாட்டுக்கு இடியப்பம். அவித்து, அவணில் ஆகக் குறைந்த சூட்டில் மொறுமொறுவென்று காயவைத்தால் காகிதம் போலப் பாரமில்லை. தேங்காய்ப்பால் மா, மஞ்சள், உப்பு, காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் கலந்து சின்னப் பைகளில் கட்டினால் சொதி தயார். கொதிதண்ணீரில் கலந்து இடியப்பத்துக்கு மேல் ஊற்றி மூடிவைத்தால் ஐந்து நிமிடத்தில் பஞ்சாகிவிடும். காலைக்கு ஓட்ஸ், பால்மா, பேரீச்சம்பழம். விடியப் பொழுதில் அடுப்பு மூட்டினால் மணமும் சத்தமும் ஆகாது என்பதால் இரவே தண்ணீர் விட்டு ஊறவைத்துப் படுக்கும் பைக்குள் வைத்துக்கொள்வது. ஓட்ஸ் பையின் மூடியை இரண்டு தரம் பாருங்கள், ஓட்ஸோடு படுத்து எழும்புவது அவ்வளவு சுகமில்லை. இடையில் கடிக்க மிளகாய் போடாத வறுத்த கச்சான் கடலை, ஒரு கட்டிச் சீஸ், என் மனைவி உருட்டித் தந்த எள்ளுப்பாகு. எள்ளுப்பாகு ஒன்று தின்றால் ஒரு மலை ஏறலாம். தேத்தண்ணிக்கு இஞ்சித்தூளும் பனங்கட்டியும்.

இவ்வளவுக்கும் மேலே என் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு, அரைக் கிலோ புழுக்கொடியல். தெரியாதவர்களுக்கு: பனங்கிழங்கை அவித்து, கிழித்து, வெயிலில் காயவைத்தது. பழுதாகாது, நசியாது, குளிரில் உறையாது, மணம் இல்லை, ஒரு துண்டை அரை மணித்தியாலம் சப்பலாம். சென்ட் லோரன்ட் தமிழ்க் கடையில் பொதி ஆறு டொலர். வேட்டைக்கு இதைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை என்று யூட்டுக்கு அரை மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். அதில் ஒரேயொரு விடயத்தை நான் யோசிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவன் எவனும் யோசித்திருக்க மாட்டான். எங்கள் காதுக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். காரில் ஏறமுதல் யூட் என் தலையை மோந்து பார்த்தான்.

"நல்லெண்ணெய் வைச்சனியோ?"

"நேற்று முழுகினனான்."

"போய்த் திரும்ப முழுகிப்போட்டு வா. மணமில்லாத சவுக்காரம் தாறன்."

முழுகிவிட்டு வந்தேன். திருநீற்றையும் அழிக்கச் சொன்னான். சாம்பலை மான் பார்த்துப் பயப்படாது என்று வாதாடி அதை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன்.

பதினைந்தாம் இலக்க நெடுஞ்சாலை, பிறகு நூற்றுப் பதினேழு. மோன்-லோரியே வரை ஏறத்தாழ இருநூற்று நாற்பது கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். வழியில் பெற்றோல் அடிக்க மறக்காதீர்கள், அங்கிருந்து மேலே போனால் கடைகள் குறைவு. ஊரின் கடைசி டெபனரில், அதாவது மூலைக்கடையில், ஒரு சின்ன எரிவாயு டின்னும் இரண்டு கோப்பியும் வாங்கினோம், பதினாறு டொலர். கடைக்கார மனுசன் எங்கள் செம்மஞ்சள் மேலங்கிகளைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோகிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார். இங்கே வேட்டைக்காரர்கள் துவக்கைப் பற்றிக் கேட்பதை விடச் சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். நான் பெருமையோடு ஒரு துண்டு ஒடியலை நீட்டினேன். தட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், பக்கவாட்டுப் பல்லில் வைத்து ஒரு கடி கடித்தார். கடையின் அந்தத் தொங்கலில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"இது விறகல்லவா!" என்றார் மனுசன். ஆனால் துப்பவில்லை, சப்பிக்கொண்டே மிச்சக் காசைத் தந்தார். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேட்டைக்கு விட்டிருக்கும் கட்டுப்பாட்டு வலயத்தின் வாசலில் பெயர் பதிந்து, நாட்கட்டணம் கட்டி, மண்பாதையில் பதினெட்டுக் கிலோமீற்றர் ஓட்டி, காரை விட்டு நடந்தோம். நாலரைக் கிலோமீற்றர். என் மூட்டை பதினான்கு கிலோ, யூட்டினது துவக்கோடு பதினாறு. முதல் வருடம் அவன் குந்திய மரக்குற்றியைக் காட்டினான். அதைத் தாண்டிப் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்தான். ஓடைக்கரையில் கூடாரம் அடித்தோம். சமையல் அங்கிருந்து நூறு அடி தள்ளி, மணத்தைக் காற்று கொண்டுபோய்விடும் பக்கத்தில். சமைக்கும்போது போடுகிற சட்டை வேறு, அதையும் காலை ஓட்ஸைத் தவிர மற்றச் சாப்பாட்டையும் ஒரு பையில் கட்டி உயர மரத்தில் தொங்கவிட்டோம். கரடிகள் அநேகமாக நித்திரைக்குப் போயிருக்கும் காலம்தான், ஆனாலும் நித்திரை வராத கரடி ஒன்று இருக்காது என்று யார் கண்டது. காய்ந்த இடியப்பமும் சொதியும் அந்தக் குளிரில் எப்படி இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. யூட் சட்டியை வழித்துத் துடைத்தான், கருவாட்டுப் பேச்சே வரவில்லை.

சனிக்கிழமை விடியலில், இரண்டு மரம் விழுந்து கிடந்த ஒரு மறைவில் முதுகோடு முதுகு சாய்ந்து இருந்தோம். வெளிச்சம் மெதுவாக வந்தது. பனி மெல்லிசாகக் கொட்டியிருந்தது. காற்று இல்லை, குருவி இல்லை, என் இதயம் அடிப்பது எனக்கே கேட்கும் அமைதி. யூட் என் முழங்காலைத் தொட்டான். ஐம்பது அடியில், மரங்களுக்கு இடையில், கொம்போடு ஒரு மான். அவ்வளவு கிட்டத்தில் நான் மானைக் கண்டதில்லை. யூட் மூச்சை அடக்கி, துவக்கை ஒரு அங்குலம், இன்னொரு அங்குலமாக உயர்த்தினான். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் சும்மா இருக்காது. என்னையறியாமல் கை பைக்குள் போனது, ஒடியல் வாய்க்குள் போனது.

சடக்!

யாரோ காட்டையே முறித்துப்போட்டது போல் இருந்தது. வெள்ளை வால் ஒன்று மேலே எழும்பியதுதான் தெரியும். பிறகு மரங்கள் மட்டும் நின்றன. யூட் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வாய்க்குள் இருந்ததைச் சப்பவும் பயந்து, துப்பவும் பயந்து அப்படியே இருந்தேன்.

"என்ன தின்னுறாய்?"

"ஒடியல்."

"உள்ளதெல்லாத்தையும் தா."

கொடுத்தேன். முழுவதையும் தன் மேலங்கிப் பைக்குள் அடைத்துக்கொண்டான். மத்தியானம்வரை அவன் மான் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏசியிருந்தால் பரவாயில்லை. ஒரு வருடம் காத்திருந்தவனுடைய மானை நான் தின்றுவிட்டேன் என்று எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது. பின்னேரம் என் பங்கு எள்ளுப்பாகு இரண்டையும் அவனிடம் நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்தான். "இதாவது சத்தமில்லை," என்றான். அதோடு கோபம் தீர்ந்தது. ஆனால் மான் இன்னொன்று வரவில்லை. போன வருடம் இதே நேரம் சாப்பாடு முடிந்து காருக்குத் திரும்பியவன், இந்த முறை இரண்டாம் இரவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். அது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

ஞாயிறு கடைசி நாள். பத்து மணிக்குக் கூடாரத்தைக் கழற்ற வேண்டும். ஒன்பது மணியளவில், முதலில் ஒரு பெட்டைமான் ஓடையைத் தாண்டிப் போனது. கொஞ்சம் பொறுத்து அதே தடத்தில் கொம்பன் ஒன்று, நேற்றையதைவிடப் பெரியது, மூக்கை நிலத்தில் வைத்தபடி விறுவிறுவென்று நடந்தது. தூரம் நூறு அடிக்குமேல் இருக்கும். யூட் கன்னத்தைத் துவக்கில் பதித்துவிட்டான், ஆனால் மான் நிற்கவில்லை. நடக்கிற மானைச் சுட்டுக் காயப்படுத்தி விடுகிற ஆள் அவன் இல்லை. வாயால் சத்தம் போட்டு நிறுத்தப் பார்த்தான், வறண்ட வாயில் காற்றுத்தான் வந்தது. முன்னால் ஒரேயொரு வெளி, அதற்கப்பால் அடர்ந்த தேவதாரு. அதற்குள் போனால் முடிந்தது, மானும் துவக்கும் எல்லாம்.

"குகன்," என்றான், உதடு அசையாமல். "என்ர வலப்பக்கப் பொக்கற். ஒடியல் எடு."

"என்ன?"

"எடுத்துக் கடியடா!"

எடுத்தேன், ஆகத் தடித்ததாகப் பார்த்து. வெளிக்கு நடுவில் மான் வந்தபோது என் பலம் முழுவதையும் கடைவாயில் வைத்துக் கடித்தேன். சடக்! மான் நின்றது. தலையை உயர்த்தி எங்கள் பக்கம் பார்த்தது. வெடிச்சத்தம் கேட்டது.

அது நாலடி வைத்து விழுந்தது. யூட் கிட்டப் போய், முழந்தாளில் இருந்து, அதன் கழுத்தில் கையை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டான், கனநேரம் எழும்பவில்லை. எனக்குக் கண் கலங்கியது. சந்தோசமா கவலையா என்று கேட்டால் இரண்டும்தான். நான் மாமிசம் தின்னாதவன், இந்த மான் நின்று பார்த்ததற்குக் காரணமும் நான்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. நேற்று ஓடியது இன்றைக்கு ஏன் நின்றது என்று பிறகு கேட்டேன்.

"நேற்றையான் எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவன், மச்சான். இவன் பெட்டைக்குப் பின்னால போறான். சத்தத்தைக் கேட்டு, இன்னொருத்தன் வாறான் எண்டு நினைச்சிருப்பான்."

அனுமதிச்சீட்டின் துண்டை மானில் கட்டி, நாலாகப் பிரித்து, இரண்டு நடையாகக் காருக்குச் சுமந்தோம். யூட் ஈரலைத் தூளோடு பிரட்டித் தின்றான், காடே மணத்தது, இனி மணத்தால் என்ன. ஈரலுக்கு மூட்டிய நெருப்பின் சாம்பலில் இருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, பேய் அண்டாமல் இருக்க இறைச்சிப் பைக்குள் வைத்தான். கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிற கத்தோலிக்கனுக்குப் பேய்ப் பயமா என்று கேட்டேன். "மன்னாரில பேய்க்கு வேதமும் தெரியாது, சைவமும் தெரியாது," என்று சொல்லி இன்னொரு துண்டையும் வைத்தான். இங்கே ஒரு விடயம் கவனியுங்கள். வரும்போது சாப்பாட்டுப் பாரம் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்ததால்தான் எங்களால் இதைச் சுமக்க முடிந்தது. டின்மீன் கொண்டுபோயிருந்தால் பாதி மானைக் காட்டிலேயே விட்டிருப்போம்.

மோன்-லோரியேயில் மானைப் பதிவு செய்துவிட்டு, இரவு எட்டு மணிக்குச் சென்ட் லோரன்ட் வந்து சேர்ந்தோம். யூட் வழி முழுக்க ஜெனிற்றாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். முதலில் முகத்தைத் தொங்கப்போடுவதாம், அவர் ஏசத் தொடங்கியதும் காரின் பின்பெட்டியைத் திறப்பதாம். கார் நிற்கமுதலே ஜெனிற்றா செருப்போடு கீழே இறங்கி வந்துவிட்டார். காருக்குள் என்ன இருக்கிறது என்று அவர் எட்டியும் பார்க்கவில்லை. தெருவிளக்குக்குக் கீழே யூட்டின் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாப்பிட்டனீங்களே?"

"ஓம்."

"மூண்டு நாளும்?"

"ஓம். இவன் விடேல்லை."

ஜெனிற்றா என் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. "போன வருசம் அந்தத் தலைச்சுற்றோட கார் ஓடிக்கொண்டு வந்தவர், குகன் அண்ணா. ஒவ்வொரு கிழமையும் அதுதான் கனவில வரும்," என்றார். பிறகு யூட்டிடம், "சரி, துவக்கு இருக்கட்டும். மேல வாங்கோ, குளிருது," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். யூட் திறக்காத பெட்டியின் மூடியில் கையை வைத்தபடி வாய் பிளந்து நின்றான்.

அவருக்கு மான் ஒரு கணக்கே இல்லை என்பது ஒரு வருடமாக எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. மான் கறி அடுத்த நாள்தான் அடுப்பில் ஏறியது. எனக்கு ஜெனிற்றா தனிச்சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துத் தந்தார்.

இனி, போக இருக்கிறவர்களுக்கு. வீட்டிலேயே ஒவ்வொரு நாள் சாப்பாட்டையும் தனிப் பையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே இரண்டாம் நாளைத் தின்றுவிடுவீர்கள். ஒரு நேரச் சாப்பாடு உபரியாகக் கட்டி, அதைக் காரிலேயே விட்டுவிட்டு நடவுங்கள், அது ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதற்கு. எரிவாயு டின்னை இரவில் படுக்கும் பைக்குள் வையுங்கள், குளிர்ந்தால் எரியாது. பொரியல், கருவாடு, தாளிதம் எதுவும் வேண்டாம். கொண்டுபோகும் எல்லாவற்றையும் வீட்டில் ஒருமுறை, எல்லோரும் நித்திரையான பிறகு கடித்துப் பாருங்கள். யாராவது எழும்பினால் அது காட்டுக்கு ஆகாது. ஒடியலை மாவாக இடித்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் கலந்து கொண்டுபோங்கள், சத்தமே வராது.

ஒரு துண்டை மட்டும் இடிக்காமல், வேட்டைக்காரனுடைய வலப்பக்கப் பையில் போட்டுவிடுங்கள்.